அரையடி அக்காவின் அளவுக் கம்பம்

சம்பளம் கொடுத்து மண்ணைத் தின்னச் சொல்கிற வேலை உலகத்தில் உண்டா என்றால், உண்டு. ஆறு கடலில் சேருகிற அந்த வாயில், துறைமுக அலுவலகத்தில், இருபத்தாறு வருஷமாக அரையடி அக்கா பார்த்த வேலை அதுதான்.

வயிறு முட்டத் தின்றாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றின் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கயிற்றில் ஒரு ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டுக்கு அடியில் சின்னதாக ஒரு குழி. அதில் சோப்பைக் குழைத்து அப்பிவிட்டால், கீழே இருப்பது ஒட்டிக்கொண்டு மேலே வரும். அக்கா அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாள். சந்தேகம் தீரவில்லை என்றால், சோப்புப் படாத பக்கமாக ஒரு கடுகளவு கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடிப்பாள். நறநறவென்றால் ஆறு புதிதாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். வழவழவென்றால் பல வருஷமாக அங்கேயே கிடக்கிற களி. கடித்துவிட்டுத் துப்பி, வாய் கொப்பளித்து, நோட்டில் எழுதிக்கொள்வாள். அவள் வீட்டில் சோற்றில் கல் கிடந்தால் அவளுடைய புருஷன் மூச்சு விடமாட்டார். சொன்னால் போதும், அது எந்தக் கரைக் கல் என்று விசாரிக்க உட்கார்ந்துவிடுவாள், சோறு ஆறிப்போகும்.

அவள் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தது பெருக்கித் துடைக்கத்தான். ஒருநாள் குண்டு இறக்குகிற ஆளுக்குக் காய்ச்சல். படகு கிளம்பியாக வேண்டும், ஆள் இல்லை. படகோட்டி வாசலில் நின்று கையைப் பிசைய, இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படகில் ஏறிவிட்டாள். சாயங்காலம் அவள் சொல்லி எழுதின ஆழங்களைப் பழைய கணக்கோடு வைத்துப் பார்த்த அதிகாரி, துடைப்பத்தை வேறொருத்தரிடம் கொடுக்கச் சொன்னார். அதோடு சரி, அப்புறம் அவள் கயிற்றை விடவே இல்லை.

அரையடி என்ற பேர் வந்ததும் ஒரு கதைதான். சரக்குக் கப்பல்காரர் ஒருவர் உள்ளே வர அவசரப்பட்டார். தண்ணீர் அரையடி குறைவு, ஏற்றம் வரும்வரை வெளியே நில்லுங்கள் என்றாள் இவள். அரையடிக்கா இத்தனை அலம்பல் என்று அந்த மனுஷர் குதித்தார், மேலே புகார் சொன்னார், இவள் அசைந்து கொடுக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது, அவர் வர இருந்த வழியில் மணல்திட்டு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. கப்பல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார். படகோட்டி அன்றைக்கு வைத்த பேர் அது. கிண்டலாக ஆரம்பித்தது, போகப் போக மரியாதையாகிவிட்டது.

பிறகு ஆழம் பார்க்க மெஷின் வந்தது. அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளோ மெஷின் பெட்டியைப் பிரிக்கும்போதே முதல் ஆளாய் நின்றாள். படகு போகப் போக அடியை அது கோடு கோடாக வரைவதைப் பார்த்து, ‘இத்தனை நாள் நான் ஆத்தைக் குத்திக் குத்திப் பார்த்தேன், இது தடவிப் பார்க்குது’ என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள்.

ஆனால் மெஷினுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஆற்று வாயில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் இறங்கும். காலையில் அளந்தால் ஒரு ஆழம், மத்தியானம் அளந்தால் வேறு ஆழம். அதனால் படகு அளந்துகொண்டிருக்கும்போதே, கரையில் ஒரு ஆள் நின்று தண்ணீர் அப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஏற்றத்தைக் கழித்தால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். இதற்காகவே படகுத்துறையின் கடைசித் தூணில் கறுப்பும் வெள்ளையுமாக அடி, அங்குலம் எழுதின ஒரு கம்பம் முடுக்கியிருந்தது. அளவுக் கம்பம். மெஷின் வந்தபிறகு அக்காவின் பெரிய வேலை அந்தக் கம்பத்துக்கு முன்னால் நிற்பதுதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், வெயிலானாலும் மழையானாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, வயர்லெஸ்ஸில் படகுக்குச் சொல்வாள். மாதத்துக்கு ஒருநாள் மட்டும் படகில் போய், பழையபடி குண்டை இறக்கி மண் எடுத்து வருவாள்.

அதே துறையின் கடைசியில்தான் அவள் தங்கைக்கும் வேலை. அக்கரைக்குப் போகிற படகுக்கு டிக்கெட் கொடுக்கிற கூண்டு அவளுடையது. கூண்டு என்றால் நிஜமாகவே கூண்டு. ஒரு நாற்காலி, ஒரு மேஜைப் பலகை, ஒரு ஜன்னல். அக்கா கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், தங்கை ஜன்னல் வழியாக ஊர் வம்பெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் தங்கை, பேனாவைப் பலகையில் வைத்தால் ஆற்றுப் பக்கமாக உருண்டு ஓடுகிறது, குனிந்து குனிந்து இடுப்பு போகிறது என்று முறையிட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை நாலாக மடித்து மேஜைக் காலுக்குக் கீழே சொருகிவிட்டாள். கொஞ்ச நாளில் அதுவும் போதாமல் இரண்டாவது அட்டை. அதையும் சொருகினது அவளேதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஆற்றை அளந்தார்கள். புது வரைபடம் தயாரானது. வரைபடம் போடுகிற சர்வேயருக்கு வாயெல்லாம் பல், பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். மூன்று வருஷத்தில் ஆற்று வாய் முழுக்க அரையடி மேடாகியிருக்கிறது, இப்படியே விட்டால் கப்பல் வராது, உடனே தூர்வார வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டார். அவர் எழுதினால் ஆறு மாசம் தூங்குகிற மேலிடம், அன்றைக்கென்று பார்த்து உடனே சரி என்றது. திங்கட்கிழமை தூர்வாரும் கப்பல் வருகிறது. கப்பல் போகும் வழி துறையை ஒட்டித்தான், அதனால் அங்கிருந்தே தோண்ட ஆரம்பிப்பார்கள்.

அக்காவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. வரைபடம் அரையடி புது மண் சேர்ந்திருக்கிறது என்கிறது. ஆனால் போன வாரம்தான் அவள் குண்டு இறக்கி இருபது இடத்தில் மண் எடுத்திருந்தாள். நடு ஆற்றில் எடுத்ததெல்லாம் வழவழவென்று பழைய களி, உடைந்த கிளிஞ்சலோடு. அரையடிக்குப் புது வண்டல் மூடியிருந்தால் அந்தக் களி குண்டில் ஒட்டவே ஒட்டாது. எதிர்க்கரையில் மட்டும்தான் நறநற. அங்கே மூன்று வருஷமாக ஒரு மண்மேடு வளர்ந்து பறவைகள் வந்து உட்காருகின்றன, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பாட்டில்களில் வைத்திருந்த மண்ணை மறுபடி எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பல் அதையேதான் சொன்னது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரைபடத்தையே வெறித்துப் பார்த்தாள். எதிர்க்கரை மண்மேட்டை விட்டுவிட்டால், இங்கே அரையடி. அங்கே அரையடி. வளைவிலும் அரையடி, நேரிலும் அரையடி. அப்போதுதான் சுருக்கென்றது. ஆறு இப்படிச் செய்யுமா? இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளாவது அது எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறதா? ஒரு கரைக்குக் கொட்டிக் கொடுக்கும், அதற்கு எதிர்க்கரையில் கைவைத்து அள்ளும். அப்படிப்பட்ட ஆறு, அளவெடுத்துப் பாய் விரித்த மாதிரி மூலை முடுக்கெல்லாம் அரையடி போட்டுவிட்டுப் போயிருக்கிறதாம். மேடானது ஆறு இல்லை. கீழே போனது கம்பம். கம்பம் அரையடி இறங்கினால் தண்ணீர் அரையடி கூடுதலாக ஏறினதாகக் காட்டும். அதைக் கழித்தால் ஆழம் எல்லா இடத்திலும் அரையடி குறையும்.

கம்பம் எதில் முடுக்கியிருக்கிறது? துறையின் தூணில். அப்படியானால் தூண் இறங்குகிறது. எதிர்க்கரை மண்மேடு வளர வளர, ஆறு இந்தப் பக்கம் ஒதுங்கி, யாரும் பார்க்காத இடத்தில் துறையின் காலடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. தினம் எத்தனை நூறு பேர் ஏறி இறங்குகிற துறை. அதன் கடைசியில் தங்கையின் கூண்டு. அதன் அடியில்தான் திங்கட்கிழமை இன்னும் அரையடி தோண்டப் போகிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்று அலமாரியில் இருந்தது. கம்பம் அசைந்ததா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. துறைக்கு எதிரே இருக்கிற கல் கிட்டங்கியின், அதாவது பழைய சரக்குக் கிடங்கின் சுவரில் ஒரு பித்தளை ஆணி அடித்திருக்கிறது. கிட்டங்கி பாறைமேல் கட்டினது, அசையாது. வருஷத்துக்கு ஒரு தரம் ஆணியின் மட்டத்தையும் கம்பத்தையும் ஒத்துப் பார்த்து, சரிபார்ப்பு நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது அக்காவின் பொறுப்பு. நோட்டை எடுத்துப் புரட்டினாள். மூன்று வருஷமாக, குண்டு குண்டான அவளுடைய கையெழுத்தில், ஒரே வார்த்தை இருந்தது. ‘மாறவில்லை.’ கீழே சர்வேயரின் கையெழுத்து.

அவள் பார்க்கவே இல்லை. ஆணிக்கு முன்னால் மீன்கடைக்காரர் ஒரு பெரிய ஐஸ்பெட்டியைப் போட்டுவிட்டார். நகர்த்த நாலு ஆள் வேண்டும். கம்பம் கான்கிரீட் தூணில் இருக்கிறது, அது எங்கே போய்விடப் போகிறது என்று முதல் வருஷம் எழுதிவிட்டாள். போன வருஷமே மாறவில்லையே என்று இரண்டாம் வருஷம். மூன்றாம் வருஷம் யோசிக்கக்கூட இல்லை. கப்பல்காரரை அரையடிக்காக மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தவள் செய்த வேலை இது. கோபம்தான் வருகிறது. ஆனால் கோபப்படுகிறவர்கள் அவரவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தையெல்லாம் ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுப் படலாம்.

சனிக்கிழமை காலை, முதல் படகுக்கு முன்னாலேயே அவள் ஒரு கொத்தனாரைப் பிடித்து வந்தாள். வீடு கட்டுகிறவர்கள் மட்டம் பார்ப்பார்களே, தண்ணீர் நிரப்பின, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப், அதில் நூறடி. மீன்கடைக்காரரை ஒரு பிடி பிடித்து, ஐஸ்பெட்டியை நகர்த்த வைத்தாள். ட்யூபின் ஒரு முனையை ஆணியோடு சேர்த்துக் கொத்தனார் பிடித்துக்கொண்டார். மறுமுனையைத் துறையின் கடைசிக்கு இழுத்துப் போய்த் தங்கையின் கையில் கொடுத்து, கம்பத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னாள். ட்யூபில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆணி மட்டம் கம்பத்தில் பன்னிரண்டு அடிக் கோட்டில் நிற்க வேண்டும். கம்பம் வைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

“பன்னெண்டரை” என்றாள் தங்கை.

ட்யூபில் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்குத் தப்பும். அக்கா குமிழைத் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னாள். பன்னெண்டரை. மூன்றாம் தரம் தானே குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிராததைத் தங்கை கவனித்தாள். என்ன அக்கா, ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டாள். அக்கா விஷயத்தைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. தங்கை காலடிப் பலகையைப் பார்த்தாள்.

“அப்ப என் பேனா?”

“உன் பேனா சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் காதுல வாங்கல. அட்டையை மடிச்சு வச்சு அதோட வாயை அடைச்சுட்டேன்.”

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்கா நேரே சர்வேயர் அறைக்குப் போனாள். சர்வேயர் கெட்டவர் இல்லை, பயந்தவர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் துறை இடிந்து விழும்போது அந்த வித்தியாசம் யாருக்கும் உதவாது. அவள் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

“மூணு வருஷமா நான் கம்பத்தைச் சரிபார்க்கல சார். பார்க்காமலே மாறலைன்னு எழுதினேன். இப்பப் பார்த்துட்டு வரேன், அரையடி இறங்கியிருக்கு. ஆறு மேடாகல. துறைதான் கீழே போகுது.”

சர்வேயர் தன்னுடைய மூன்று கையெழுத்துகளையும் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெஷினில் ஏதோ கோளாறு என்று எழுதிவிடலாம், கப்பலை நிறுத்தச் சொல்லலாம், உங்கள் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மெஷின் மேல பழியைப் போட்டா மெஷினைத்தான் மாத்துவாங்க சார். துறை அப்படியே நிக்கும், ஜனங்க அது மேல ஏறி நிப்பாங்க. என் பேரை எழுதுங்க. பார்க்காம எழுதினாள்னு எழுதுங்க.”

சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எழுதுவதென்றாலும் துறையை மூட மேலிடத்து உத்தரவு வேண்டும், இன்றைக்குச் சனிக்கிழமை, மேலிடத்தில் போனை எடுக்க ஆள் இல்லை, திங்கட்கிழமைதான் ஏதாவது நடக்கும் என்றார். அன்றைக்குச் சந்தை நாள். வெளியே துறை முழுக்க மூட்டையும் கூடையுமாக ஜனங்கள். அக்கா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். துறையை மூட அவளுக்கு அதிகாரம் கிடையாது. அவள் போய்ச் சொன்னால் மட்டும் யார் கேட்பார்கள்? மண்ணைத் தின்கிற பொம்பளைக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

தங்கையிடம் போய், திங்கட்கிழமை வரை ஒன்றும் செய்ய முடியாதாம் என்றாள். தங்கை உடனே எழுந்தாள். ஜன்னலைச் சாத்தினாள், டிக்கெட் கட்டை இடுப்பில் சொருகினாள், கூண்டைப் பூட்டினாள். பூட்டிவிட்டுக் கரைக்கு வந்து, நகர்த்தி வைத்திருந்த ஐஸ்பெட்டிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தாள்.

இடுப்பில் செங்கல் கனத்துக்குக் கட்டு துருத்திக்கொண்டிருக்கிறது, தீர்ந்துவிட்டதாம். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கத்தினார்கள், கேலி பண்ணினார்கள், ஒருவர் மேலே புகார் எழுதப்போவதாகச் சொல்லி அவளிடமே பேனா கேட்டார். அவள் கொடுத்தாள். டிக்கெட் மட்டும் கொடுக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் அக்கரைப் படகை ஓட்டுகிறவர் யாரையும் ஏற்றமாட்டார். அன்றைக்கு அவரும் ரொம்பச் சட்டம் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகத் துறை காலியாகி, கூட்டம் முழுக்க ஐஸ்பெட்டியைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது.

இந்தக் கூச்சலில் சர்வேயர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், கம்பத்துக்குப் பக்கத்தில் ட்யூபைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். துறை மூடப்படுகிறது, படகு பழைய கல்படியிலிருந்து போகும் என்று அதில் இருந்தது. உத்தரவு யாருடையது என்கிற இடத்தில் அவருடைய கையெழுத்து. காரணம் என்கிற இடத்தில், மூன்று வருஷமாகக் கம்பம் சரிபார்க்கப்படவில்லை என்று அக்காவின் பேரோடு சேர்த்துத் தன் பேரையும் எழுதியிருந்தார். அந்த மனுஷரை அதுவரை யாரும் நல்லவர் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்கள்.

தூர்வாரும் கப்பல் வந்த வழியே திரும்பிப் போனது. பதினோராம் நாள், பட்டப்பகலில், தண்ணீர் வடிகிற நேரத்தில், துறையின் கடைசி நான்கு தூண்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பலகைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, கூண்டு அப்படியே உட்கார்ந்து ஆற்றுக்குள் போனது, பின்னாலேயே கம்பமும் போனது. ஆழம் அளக்கிற படகின் படகோட்டி பிறகு மெஷினை வைத்துப் பார்த்தார். ஒன்பது அடி இருந்த இடத்தில் பதினெட்டு அடிக் குழி. கரையில் நின்று பார்த்த தங்கை அக்காவின் கையைப் பிடித்திருந்தாள், வலிக்கிற அளவுக்கு.

அக்காவுக்கு மெமோ வந்தது, ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். சர்வேயருக்கும் வந்தது. ஊர்க்காரர்கள் அவளுக்குப் பாராட்டு விழா எடுக்க வந்தபோது, தப்புப் பண்ணினவளுக்கு மாலை என்ன வேண்டிக் கிடக்கிறது, போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டினாள். மெமோவைக் கிழித்துப் போடவில்லை. புதுச் சரிபார்ப்பு நோட்டின் முதல் பக்கத்தில் பசை தடவி ஒட்டினாள். அதைத் தாண்டாமல் யாரும் அடுத்த பக்கம் எழுத முடியாது.

புதுக் கம்பம் கல்படியில் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டியதை அவள் மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கிறாள். ‘மாறவில்லை’ என்று எழுதுவதே இல்லை. அடி, அங்குலம், நேரம், ட்யூபை யார் பிடித்தார்கள் என்பதுவரை எழுதுகிறாள். தங்கைக்குக் கல்படிக்கு மேலே புதுக் கூண்டு. காலையில் வேலைக்குப் போகுமுன் அக்கா அங்கே நின்று பேனாவைக் கேட்கிறாள். வாங்கிப் பலகையில் குறுக்காக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

“நிக்குது அக்கா. போ, நேரமாச்சு” என்று தங்கை தினமும் சொல்கிறாள்.

அக்கா போவதில்லை. குனிந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நோட்டில் தேதி போட்டு, பேனா நின்றது என்று எழுதுகிறாள். மாசக் கடைசியில் சர்வேயர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். போடுமுன் அவரும் படியேறி வந்து, டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு நடுவில் நின்று, பேனாவைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்.